கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் நம் முகம்

எங்கள் ஊர் பஸ் நிலையச் சுவரில் வாரத்துக்கு ஒரு முகமாவது புதிதாக வந்துவிடும். நடுவில் புகைப்படம், மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே தோற்றம் இன்ன தேதி, மறைவு இன்ன தேதி. பஸ்ஸுக்காக நிற்கும் நேரத்தில் இரண்டு தேதிகளையும் கழித்துப் பார்ப்பது என் பழக்கம். விடை எண்பத்தொன்று என்றால் 'நிறைவான சாவு' என்று சொல்லிவிட்டு மனம் அடுத்த போஸ்டருக்குப் போய்விடும். நாற்பத்தெட்டு என்றால் கொஞ்சம் நிற்கும். தோற்றம் என்ற இடத்தில் நான் பிறந்த வருடமே இருந்துவிட்டால் கதை வேறு. புகைப்படத்தைக் கூர்ந்து பார்ப்பேன். ஆள் பருமனா, கண்ணுக்குக் கீழே வீக்கம் தெரிகிறதா, மீசையில் சிகரெட் மஞ்சள் இருக்கிறதா என்று தேடுவேன். என்னிடம் இல்லாத ஏதோ ஒன்று அந்த முகத்தில் அகப்படும்வரை தேடுவேன். அகப்பட்டுவிடும். அதற்குள் பஸ்ஸும் வந்துவிடும்.

2019இல் இஸ்ரேலின் பார் இலான் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு மூளை ஆய்வைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. அந்த ஆய்வில் திரையில் காட்டியது கிட்டத்தட்ட ஒரு கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர்: ஒரு முகம், அதன் மேல் சாவைக் குறிக்கும் ஒரு சொல். சில சமயம் அந்த முகம், பார்க்கிறவரின் முகமாகவே இருந்தது. அப்போது மூளை என்ன செய்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். அங்கே போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

'ஒன்று' ஆகிவிட்டால்

எல்லாரும் ஒருநாள் சாவோம் என்பது யாருக்கும் புதிய செய்தி அல்ல. ஆனால் அது பொது அறிவு. 'நான் சாவேன்' என்பது வேறு வகை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அறிய ஆய்வகம்கூட வேண்டாம், நம் பேச்சைக் கவனித்தாலே போதும். அடுத்தவரைப் பற்றி என்றால் காலமானார், மறைந்தார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார் என்று ஒரு அகராதியே நம்மிடம் உண்டு. காப்பீட்டு முகவர் நம் எதிரே உட்கார்ந்ததும் அந்த அகராதி மூடிக்கொள்கிறது. 'நீங்கள் இறந்தால்' என்று எந்த முகவரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்' என்பார். நாமும் வீட்டில் 'எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தப் பீரோவில்தான் பத்திரம் இருக்கிறது' என்போம். தன்மைக்கு வந்தவுடன் சாவுக்குப் பெயர் போய்விடுகிறது. அது வெறும் 'ஒன்று' ஆகிவிடுகிறது. 'நான் செத்தேன்' என்று தாராளமாகச் சொல்வது, அப்பாவிடம் மாட்டிக்கொண்ட பையன்தான்.

சிக்மண்ட் ஃப்ராய்ட் 1915இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, இதைப் பற்றி எழுதினார். நம் சாவை நம்மால் கற்பனை செய்யவே முடியாது, செய்ய முயலும்போதெல்லாம் நாம் ஒரு பார்வையாளராக அங்கே இருந்துகொண்டே இருக்கிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம். சோதித்துப் பார்க்கலாம். உங்கள் வீட்டு வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஐஸ் பெட்டி, அதற்குள் நீங்கள். யார் யார் மாலையோடு வருகிறார்கள், யார் உண்மையாக அழுகிறார், யார் கைப்பேசியைப் பார்த்தபடி ஓரமாக நிற்கிறார் என்று எல்லாம் தெரிகிறதா? அப்படியானால் பந்தலின் ஏதோ ஒரு மூலையில் நின்று நீங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பெட்டிக்குள் இருப்பவரால் பார்க்க முடியாது. 'நான் இல்லை' என்ற நிலையை நினைப்பதற்கும் ஒரு நான் தேவைப்படுகிறது. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

குழந்தைகள் இந்தச் சிக்கலை மறைக்காமல் காட்டுகிறார்கள். மரியா நாகி என்ற ஆய்வாளர் புடாபெஸ்ட் நகரக் குழந்தைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு 1948இல் முடிவுகளை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சாவு என்பது ஊருக்குப் போவது போன்றது. போனவர் எங்கோ இருக்கிறார், கொஞ்சம் குறைவாக வாழ்கிறார். சாவு திரும்ப வராத முடிவு, எல்லாருக்கும் வருவது என்ற புரிதல் பிறகுதான் படிப்படியாக வருகிறது. அது வந்த பின்னும் ஒரு மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2004இல் ஜெஸ்ஸி பெரிங், டேவிட் பியோர்க்லண்ட் இருவரும் குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம் காட்டினார்கள். அதில் ஒரு எலியை முதலை தின்றுவிடுகிறது. எலிக்கு இனிமேல் சாப்பாடு தேவையா என்று கேட்டால் தேவையில்லை என்றார்கள். அதற்கு இன்னும் அம்மா மீது பாசம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொன்னவர்கள் பலர். வயிறு நின்றுபோவதை எளிதாக நினைக்க முடிகிறது, நினைப்பே நின்றுபோவதை நினைக்க முடியவில்லை.

இல்லாத படியில் கால் வைத்தால்

இருட்டில் மாடிப்படி இறங்குகிறீர்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை இறக்குகிறீர்கள். இல்லை, தரை வந்துவிட்டது. கால் 'தடக்' என்று மோதி உடம்பு முழுக்க ஒரு அதிர்ச்சி ஓடுகிறது. விழவில்லை, அடிபடவில்லை. பிறகு எதற்கு அதிர்ச்சி? மூளை அடுத்த நொடியில் கால் எங்கே படும் என்று முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தது. கணக்கு தப்பியதுதான் அந்த அதிர்ச்சி.

மூளை புலன்கள் கொண்டுவரும் செய்திக்காகக் காத்திருக்கும் தபால்காரர் அல்ல. என்ன வரும் என்று முன்கூட்டியே ஊகித்து, வந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும் சோதிடர் என்ற பார்வை இன்றைய நரம்பியலில் வலுவானது. ஊகம் சரியென்றால் சத்தம் இல்லை. தப்பினால் மட்டும் ஒரு சமிக்ஞை எழுகிறது. ஃபின்லாந்தின் ரிஸ்டோ நாடானன் 1978இல் இதை ஒலியில் காட்டினார். 'டப், டப், டப்' என்று ஒரே ஒலி வந்துகொண்டிருந்து நடுவே ஒன்று மாறினால், கேட்பவர் வேறு வேலையில் இருந்தாலும் மூளை அலையில் ஒரு துள்ளல் தெரிகிறது. படங்களைக் காட்டினாலும் இத்தகைய துள்ளல் வருகிறது. இதை இனி 'வியப்புத் துள்ளல்' என்றே சொல்லிக்கொள்வோம். என் சௌகரியத்துக்கு வைத்த பெயர்.

பார் இலான் ஆய்வில் யாயிர் டோர் சிடெர்மன், அந்துவான் லூட்ஸ், ஆபிரகாம் கோல்ட்ஸ்டைன் ஆகிய மூவரும் பயன்படுத்தியது இந்தத் துள்ளலைத்தான். பங்கேற்றவர்கள் 24 பேர். மூளையின் நரம்பணுக்கள் வேலை செய்யும்போது எழும் காந்தப்புலத்தைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்யும் எம்.இ.ஜி. கருவியில் அவர்களை உட்கார வைத்தார்கள். அந்தக் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தில் ஏறக்குறைய நூறு கோடியில் ஒரு பங்குதான். அதனால் வெளிக் காந்தம் நுழையாதபடி கவசமிட்ட அறையில்தான் இதைச் செய்ய முடியும்.

திரையில் ஒரு முகம் திரும்பத் திரும்ப மின்னும். ஒன்று பார்ப்பவரின் சொந்த முகம், அல்லது முன்பின் தெரியாத ஒருவரின் முகம். சில முறை ஒரே முகம் வந்த பிறகு திடீரென வேறு முகம் வரும். மூளை பழைய முகத்தையே எதிர்பார்த்திருக்கும், ஆகவே வியப்புத் துள்ளல் எழ வேண்டும். ஒவ்வொரு முகத்துக்கும் மேலே ஒரு சொல். பாதி முறை ஏதோ ஒரு சொல். மீதிப் பாதியில் இறுதிச் சடங்கு, அடக்கம் போன்று சாவோடு தொடர்புடைய சொல்.

அந்நியர் முகத்தின் மேல் சாவுச் சொல் இருந்தபோது துள்ளல் வழக்கம்போல் எழுந்தது. சொந்த முகத்தின் மேல் வேறு சொல் இருந்தபோதும் எழுந்தது. சொந்த முகம், சாவுச் சொல் இரண்டும் சேர்ந்தபோது மட்டும் எழவில்லை. ஊகிக்கும் வேலையை அந்த இடத்தில் மூளை நிறுத்திவிட்டதுபோல் இருந்தது.

துள்ளல் அதிகமாகியிருந்தால் 'பயந்துவிட்டது' என்று எளிதாக முடித்திருக்கலாம். எழவே இல்லை என்பதுதான் விசித்திரம். இந்த ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது: தன்னையும் சாவையும் இணைக்கும் தகவல் வந்தால், அது நம்பத்தக்கதல்ல என்று மூளை அதை ஒதுக்கிவிடுகிறது, அதை வைத்து எந்த ஊகமும் கட்டுவதில்லை. மூளைக்குச் சாவு தெரியும். நான் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே கோப்பில் வைக்கத்தான் மறுக்கிறது. பஸ் நிலையச் சுவரில் சிகரெட் மஞ்சளைத் தேடும் என் வேலையையே, நான் தேடத் தொடங்கும் முன்பே, நொடியில் ஒரு சிறு பங்கில் அது முடித்துவிடுகிறது.

24 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஒரு துள்ளல் வரவில்லை என்பதிலிருந்து 'மனித குலம் சாவை மறுக்கிறது' என்ற அளவுக்குத் தாவுவது பத்திரிகைத் தலைப்புக்குச் சரி. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆனால் கேட்ட விதம் கூர்மையானது. 'உங்களுக்குச் சாவு பயமா' என்று வாயால் கேட்டால் வாய்க்கு ஒரு பதில் உண்டு. இங்கே வாயைக் கேட்கவே இல்லை.

மூளையில் 'நான்' எங்கே இருக்கிறது?

ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் பதில். ஆனாலும் சில பகுதிகள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. 2002இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வில்லியம் கெல்லியும் சகாக்களும் ஸ்கேனரில் படுத்திருந்தவர்களுக்குக் குணங்களைக் குறிக்கும் சொற்களைக் காட்டினார்கள். இந்தச் சொல் உங்களுக்குப் பொருந்துமா, அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்குப் பொருந்துமா என்று மாறி மாறிக் கேட்டார்கள். தன்னைப் பற்றி யோசிக்கையில், நெற்றிக்குப் பின்னால் முன்மூளைப் புறணியின் நடுப்பகுதி தனியாக வேறுபட்டுத் தெரிந்தது. நாம் சும்மா இருக்கும்போது, நேற்று நடந்ததை அசைபோட்டு நாளைக்குத் திட்டமிடும்போது, சேர்ந்து இயங்கும் ஒரு வலைப்பின்னலில் இந்தப் பகுதியும் ஒன்று. உடம்பின் உள்நிலையை உணரும் இன்சுலா என்ற பகுதியும் உண்டு. இதயம் படபடப்பது, வயிறு பிசைவது எல்லாம் 'எனக்கு நடக்கிறது' என்று தோன்றுவதில் அதற்குப் பெரும் பங்கு இருக்கிறது.

சாவை நினைக்கையில் இவற்றுக்கு என்ன ஆகிறது? இரு விதமான முடிவுகள் வந்திருக்கின்றன. மார்க்குஸ் குவிரின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், தன் சாவைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது, பல்வலி பற்றிய கேள்விகளைவிட, ஆபத்தை அறியும் அமிக்டலா கூடுதலாக இயங்கியது. சீனாவின் ஷிஹுய் ஹான் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், சாவுச் சொற்களைப் பார்க்கும்போது இன்சுலாவின் செயல்பாடு குறைந்தது. ஒன்றில் கூடுகிறது, இன்னொன்றில் குறைகிறது. முரண்போலத் தெரிந்தாலும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலாரம் அடிக்கிறது, அதே சமயம் 'இது என் வீட்டு அலாரம் அல்ல' என்று யாரோ சன்னலைச் சாத்துகிறார்கள். இது என் வாசிப்பு மட்டுமே, ஆய்வாளர்கள் சொன்னதல்ல.

மயான வைராக்கியம் எங்கே போகிறது?

தமிழில் வைராக்கியங்களை எண்ணிச் சொல்வார்கள்: புராணம் கேட்கையில் வருவது, பிரசவ வலியில் வருவது, மயானத்தில் வருவது. மூன்றும் நிற்பதில்லை என்பதுதான் அந்த வரிசையின் குறும்பு. எங்கள் பெரியப்பா தவறியபோது மின்மயானத்தின் இரும்புக் கதவு மேலிருந்து கீழே இறங்கி மூடியதும் வெளியே வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். 'என்ன வாழ்க்கை, எதைக் கொண்டுபோகப் போகிறோம்' என்று ஒருவர் தொடங்க, பங்காளிச் சண்டையில் எட்டு வருடம் பேசாமல் இருந்த இரண்டு பேர் ஒரே வெற்றிலைப் பொட்டலத்தில் கைவைத்தார்கள். நானே பார்த்தேன். வேனில் திரும்பும்போது பேச்சு மாறியது. பெரியப்பாவுக்குச் சுகர் எத்தனை வருடமாக, மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா, போன மாதமே மருத்துவமனைக்குப் போயிருக்கலாமே. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது வரப்புத் தகராறு பழைய இடத்திலிருந்தே தொடர்ந்தது. பதினாறாம் நாள் வரைகூடப் பொறுக்கவில்லை.

இதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தவர்கள் மூன்று அமெரிக்க உளவியலாளர்கள்: ஜெஃப் கிரீன்பெர்க், ஷெல்டன் சாலமன், டாம் பிஷ்சின்ஸ்கி. அவர்களுக்கு மூலம் எர்னஸ்ட் பெக்கர் என்ற மானிடவியலாளர். தான் ஒருநாள் சாகப்போவதை அறிந்த விலங்கு மனிதன் மட்டும்தான், அந்த அறிவைத் தாங்கிக்கொள்ளத்தான் பண்பாடு, புகழ், வீரம், வாரிசு என்று தன்னைவிட நீடிக்கும் எதையாவது பற்றிக்கொள்கிறான் என்று 1973இல் எழுதினார் பெக்கர். மறுவருடம் மார்ச்சில் 49 வயதில் புற்றுநோயில் இறந்தார். இரண்டு மாதம் கழித்து அந்த நூலுக்குப் புலிட்சர் பரிசு அறிவித்தார்கள். தன் பெயர் தன்னைவிட நீடிப்பதைப் பற்றி எழுதியவருக்கு இப்படி நேர்ந்தது.

பெக்கரின் கருத்தைச் சோதிக்க மூவரும் கண்டுபிடித்த கருவி மிகவும் எளியது. இரண்டே கேள்விகள். உன் சாவை நினைத்தால் உனக்குள் எழும் உணர்வுகளைச் சுருக்கமாக எழுது. நீ சாகும்போதும் செத்த பிறகும் உன் உடலுக்கு என்ன நடக்கும் என்று எழுது. 1989இல் வெளிவந்த முதல் ஆய்வில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகர நீதிபதிகள் 22 பேரிடம் விபச்சாரக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கைக் கொடுத்து ஜாமீன் தொகை நிர்ணயிக்கச் சொன்னார்கள். பாதிப் பேருக்கு மட்டும் அதற்கு முன் இந்த இரண்டு கேள்விகள். கேள்விகளுக்குப் பதில் எழுதாத நீதிபதிகள் விதித்தது சராசரியாக 50 டாலர். எழுதியவர்கள் விதித்தது சராசரியாக 455 டாலர். வழக்கு ஒன்றே, சட்டமும் ஒன்றே. சாவை நினைத்துவிட்டு வந்தவர்களுக்குத் தங்கள் ஒழுக்கக் கோட்பாட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது என்பது அவர்கள் விளக்கம்.

பின்னர் வந்த ஆய்வுகளில் சுவையான ஒரு நுணுக்கம் கிடைத்தது. இந்த விளைவு உடனே வருவதில்லை. சாவைப் பற்றி எழுதிய கையோடு கேட்டால் பெரிய வேறுபாடு இல்லை. நடுவில் சில நிமிடம் வேறு வேலை கொடுத்துக் கவனத்தைத் திருப்பிய பிறகு கேட்டால்தான் தெரிகிறது. சாவின் நினைப்பு மனதின் அடியில் இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் பாதிச் சொற்களைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் காஃபிக்கும் சவப்பெட்டிக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றே. தமிழில் செய்வதானால் 'சா' என்று எழுதி ஓர் எழுத்துக்கு இடம் விடலாம். சாவி என்று நிரப்புகிறாரா, சாவு என்று நிரப்புகிறாரா என்று பார்க்கலாம். எழுதி முடித்த உடனே சாவுச் சொற்கள் அதிகம் வரவில்லை. மறந்துவிட்டதாக நினைத்த சில நிமிடங்களுக்குப் பின்தான் வந்தன.

ஆக, இரண்டு கட்டங்கள். சாவு கண்ணெதிரே இருக்கையில் மூளை வக்கீல் வேலை பார்க்கிறது: அவருக்குச் சுகர் இருந்தது, எனக்கு இல்லை, அவர் ஹெல்மெட் போடவில்லை, நான் போடுவேன். வேனில் நாங்கள் பேசியது இதுதான். துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே 'என்ன வயது, என்ன ஆயிற்று' என்று கேட்கிறோமே, அதில் பாதி அனுதாபம், மீதி இந்த வக்கீலின் குறுக்கு விசாரணை. நினைப்பு அடியில் இறங்கிய பிறகு வருவது இரண்டாவது கட்டம். அங்கே சுகர் பேச்சு உதவாது. அப்போது என் ஊர், என் சாதி, என் கட்சி, என் வரப்பு, என் பெயர் என்று தன்னைவிடப் பெரியதாகவோ நீண்டதாகவோ தோன்றும் எதையாவது இறுகப் பற்றுகிறோம். வைராக்கியம் எழுந்துபோன நாற்காலியில் வீறாப்பு வந்து உட்காருகிறது. மயானத்துக்குப் போய்வந்ததால் வரப்புத் தகராறு மறந்துபோகவில்லை என்பது மட்டுமல்ல, கொஞ்சம் கூடியிருக்கவும் வாய்ப்புண்டு.

ரொம்ப அழகாகப் பொருந்துகிறது இல்லையா? அதனால்தான் எச்சரிக்கையும் தேவை. 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 277 சோதனைகளைத் திரட்டி, விளைவு உண்டு, அதுவும் கணிசமாகவே உண்டு என்றது. ஆனால் இந்தச் சோதனைகளில் புகழ்பெற்ற ஒன்றைப் பல ஆய்வகங்கள் சேர்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, திரும்பச் செய்து பார்த்து 2022இல் வெளியிட்டபோது விளைவு கிடைக்கவில்லை. மூல ஆய்வாளர்களின் யோசனை கேட்டுச் செய்த ஆய்வகங்களிலும் கிடைக்கவில்லை. சண்டை இன்னும் ஓயவில்லை. 22 நீதிபதிகள் என்பதும் ஊர்ப் பஞ்சாயத்து அளவுக்குச் சிறிய கூட்டம்தான். இந்தக் கோட்பாட்டை ஊரைப் பார்க்க உதவும் கண்ணாடியாக வைத்துக்கொள்கிறேன். இயற்பியல் விதிபோல ஒப்பிக்க மாட்டேன்.

நேரம் குறைவு என்று தெரிந்தால்

சாவு நினைப்பு எப்போதும் மனிதனை இறுக்கத்தான் செய்யும் என்றும் இல்லை. ஸ்டான்ஃபோர்டின் லாரா கார்ஸ்டென்சன் நீண்ட காலம் ஆராய்ந்தது வேறொரு முகத்தை. வயதானவர்கள் புது நட்பைத் தேடாமல் நெருங்கிய நாலு பேரோடு இருப்பதை ஏன் விரும்புகிறார்கள்? வயதின் சோர்வு என்றுதான் நினைத்திருந்தார்கள். மீதி நேரம் எவ்வளவு என்ற உணர்வுதான் காரணம் என்றார் அவர். இளைஞர்களாக இருந்தும் மீதி நேரம் குறுகிய எச்.ஐ.வி. நோயாளிகள் வயோதிகர்களைப் போலவே தேர்ந்தெடுத்தார்கள்.

சாவே இல்லாமல் ஒரு 'முடிவு' இருந்தாலும் இது நடக்கிறது. 1997இல் ஹாங்காங் பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்கு மாறியது. அதற்குச் சிறிது காலம் முன்னால் அங்குள்ள இளைஞர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கியவர்களோடு இருப்பதையே விரும்பினார்கள். கைமாறி ஓராண்டு ஆன பிறகு பழையபடி ஆனார்கள். இதுவும் ஒரு மயான வைராக்கியம்தான், ஊர் முழுவதற்கும் வந்தது.

சொக்கப்ப நாயக்கன் தெரு

சொந்த முகத்தையும் சாவையும் சேர்த்துவைக்க மூளை மறுக்கிறது என்றால், வேண்டுமென்றே சேர்த்துவைத்தால் என்ன ஆகும்? இதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. 1896 ஜூலை, மதுரை. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அருகே சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டு மாடியறையில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பள்ளி மாணவன் தனியாக உட்கார்ந்திருந்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லை. திடீரென்று 'சாகப்போகிறேன்' என்ற பயம் பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அவர், தானே பின்னாளில் விவரித்ததன்படி, மருத்துவரையோ பெரியவர்களையோ கூப்பிடவில்லை. கை கால்களைப் பிணம்போல விறைப்பாக நீட்டிப் படுத்தார். மூச்சை அடக்கினார். ஒலி எதுவும் வெளியே வராதபடி உதடுகளை இறுக்கினார். இந்த உடல் செத்துவிட்டது, இதைத் தூக்கிப்போய் எரிப்பார்கள், சரி; இதோடு நானும் செத்துவிட்டேனா என்று பார்த்தார். அந்த நாளோடு சாவு பயம் போய்விட்டது என்றார். சில வாரங்களில் வீட்டை விட்டுக் கிளம்பி செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்.

ஒருவரின் அனுபவம் ஆய்வகச் சான்று ஆகாது. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் செய்முறையை மட்டும் பாருங்கள். ஃப்ராய்ட் சொன்ன அந்தப் பந்தல் மூலைப் பார்வையாளரைத்தான் பதினாறு வயதுப் பையன் திரும்பிப் பார்த்து 'நீ யார்' என்று கேட்டிருக்கிறான்.

இதை ஒத்த பயிற்சியைப் பல வருடம் செய்தவர்களின் மூளையில் என்ன தெரிகிறது என்ற கேள்வியோடு டோர் சிடெர்மனும் சகாக்களும் அதே முகமும் சொல்லும் கொண்ட சோதனையை, நீண்ட நாள் விபாசனை போன்ற தியானப் பயிற்சி உள்ளவர்களிடம் செய்து 2025இல் வெளியிட்டார்கள். அவர்களின் மூளை, சொந்த முகத்தோடு சாவு சேர்ந்து வந்த தகவலை ஒதுக்கவில்லை; ஏற்றுக்கொண்டதற்கான அறிகுறி இருந்தது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் தியான வகுப்பு விளம்பரமாகிவிடும். 2018இல் ஷான் நிக்கல்ஸ், நீனா ஸ்ட்ரோமிங்கர் குழு வேறொன்றைக் கண்டது. 'நான் என்று நிலையான ஒன்று இல்லை' என்பதைப் பாடமாகவே படிக்கும் திபெத்திய பௌத்தத் துறவிகளையும், இந்துக்கள், அமெரிக்கக் கிறித்தவர்கள், மதமற்றவர்கள், பூட்டான் நாட்டு இல்லறத்தார் ஆகியோரையும் ஒப்பிட்டார்கள். 'நான்' இல்லை என்று உறுதியாகச் சொன்னவர்கள் துறவிகள்தான். அந்த 'நான்' அழிவதைப் பற்றி மற்ற எல்லாரையும்விட அதிகம் பயந்தவர்களும் அவர்கள்தான். உங்கள் ஆயுளைச் சற்று நீட்டும் மருந்தை, இன்னொருவருக்குக் கொடுத்தால் அவர் ஆயுள் அதைவிட நீளும் என்றால், விட்டுக்கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு மிகக் குறைவாக விட்டுக்கொடுத்தவர்களும் அவர்களே. ஆய்வாளர்களுக்கே திகைப்பு. அந்தத் துறவிகள் நூல்களைப் படித்தவர்களே தவிர நீண்ட நாள் தியானப் பயிற்சி உள்ளவர்கள் அல்லர் என்பதையும் அவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்து முடித்த இரவு எனக்கு ஒரு ஆசை வந்தது. கைப்பேசியில் என் புகைப்படம் ஒன்றை எடுத்து, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று தட்டச்சு செய்தேன். கீழே தோற்றம் தேதி போட்டேன். மறைவு என்று எழுதி அதன் எதிரே காலியாக விட்டுவிட்டுப் பார்த்தேன். பயம் எதுவும் வரவில்லை. முதலில் தோன்றியது, இந்தப் படம் நன்றாக இல்லை, போன வருடம் கல்யாணத்தில் எடுத்ததைப் போடலாம் என்பதுதான். மாற்றியும் விட்டேன்.